தேசத்தின் வீழ்ச்சியை வேதம் எங்கிருந்து அளக்கிறது

யாழ்ப்பாணத்துச் சபைகளில் இன்று அதிகம் கேட்கும் ஜெபங்களில் ஒன்று தேசத்துக்கான ஜெபம். உபவாசக் கூட்டத்தில் வரும், முழு இரவு ஜெபத்தில் வரும், ஞாயிறு மன்றாட்டிலும் வரும். அதில் சொல்லப்படும் பட்டியல் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: ஐஸ், ஹெரோயின், கேரள கஞ்சா, வாள்வெட்டு, படிப்பை இடையில் விட்ட பொடியள், பிரிந்துபோகிற குடும்பங்கள், இலஞ்சம், வெறுமையாகி வரும் ஆலய வாங்குகள். பட்டியலில் பொய் இல்லை. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த தாய்மார் எங்கள் சபைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் 2009க்குப் பின்னால் போவதில்லை. போர் முடிந்தது, வீதி திறந்தது, கைபேசி வந்தது, பிள்ளைகள் கெட்டார்கள் என்பதே அதன் கதை. அதற்கு முன்பு நாங்கள் ஒழுக்கமாக வாழ்ந்த சனம் என்பது சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

ஒரு தேசம் கெட்டுப்போவதை வேதம் விளக்கும் விதம் இதுவல்ல. வேதம் இன்னும் பின்னால் போய்த் தொடங்குகிறது, இன்னும் பக்கத்தில் வந்து நிற்கிறது. போதையும் வாளும் கடைசியில் தெரியவரும் அறிகுறிகள். நடந்த அநியாயத்தை, அதுவும் தன் கையால் நடந்ததை, ஒரு சனம் வாய்திறந்து சொல்ல மறுக்கிற இடத்தில்தான் நோய் தொடங்குகிறது. பாவ அறிக்கையைத் தன் வழிபாட்டின் நடுவில் வைத்திருக்கும் சபை அந்த வேலையைச் சனத்துக்கு முன்னால் செய்யாமல் விட்டதுதான் எங்கள் தேசத்தின் ஆவிக்குரிய வீழ்ச்சியில் எங்களுடைய பங்கு என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஜெபங்களின் முடிவில் அநேகமாக வாசிக்கப்படும் வசனத்திலிருந்தே தொடங்கலாம். 2 நாளாகமம் 7:14. சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்தபின் இரவில் கர்த்தர் அவனுக்குச் சொன்ன வார்த்தை அது: "என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, என் முகத்தைத் தேடி, தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்" தேசத்துக்கு க்ஷேமம் வரும் என்கிறார். போதை விற்கிறவன் திரும்பினால் என்றோ, கொழும்பில் ஆட்சி செய்கிறவர்கள் திரும்பினால் என்றோ அங்கே இல்லை. அவருடைய பெயரைச் சுமக்கிற சனம், தங்கள் வழிகளைவிட்டுத் திரும்பவேண்டும். தேசத்தின் நலம் அதிலே தொங்குகிறது. நாங்கள் அந்த வசனத்தைச் சத்தமாக வாசிக்கிறோம், ஆனால் அடுத்தவருக்காக வாசிக்கிறோம்.

தீர்க்கதரிசிகளுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் யெரொபெயாமின் காலத்தில், தெக்கோவா ஊரின் மேய்ப்பனான ஆமோஸ் வடநாட்டுப் பெத்தேலுக்கு வந்து பேசினான். அது செழிப்பான காலம், ஆலயமும் பண்டிகையும் குறைவில்லாத காலம். அவன் முதலில் தமஸ்குவின் பாவத்தைச் சொன்னான். பிறகு காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். ஆறு அயல்நாடுகள். கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள். ஏழாவது யூதா, பங்காளி வீடு. எட்டாவதாக இஸ்ரவேல், அதாவது கேட்டுக்கொண்டு நின்றவர்கள். மற்ற நாடுகளுக்கு ஒவ்வொரு குற்றம் சொன்னவன் இவர்களிடம் வந்ததும் நிறுத்தாமல் பேசினான்: எளியவனை ஒரு சோடு பாதரட்சைக்கு விற்றது, கடனுக்கு ஈடாக வாங்கிய வஸ்திரத்தின்மேல் பலிபீடத்தருகே படுத்தது, கள்ளத் தராசு, ஊர்வாசலில் விற்கப்பட்ட நீதி. ஆசாரியன் அமத்சியா அவனைப் பார்த்து, இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே பேசாதே, போய்விடு என்றான். சில பத்தாண்டுகளில், கி.மு. 722இல், சமாரியா அசீரியரிடம் விழுந்தது.

சோதோமைப் பற்றி எசேக்கியேல் 16:49 சொல்வதையும் இதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். சோதோம் என்றாலே எங்களுக்கு ஒரு வகைப் பாவம்தான் நினைவுக்கு வரும். எசேக்கியேல் அதன் அக்கிரமமாக முதலில் எழுதுவது கர்வம், சாப்பாட்டுத் திரட்சி, கவலையற்ற சுகவாழ்வு, எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமல் விட்டது. இதை வைத்துப் பார்த்தால் ஐரோப்பாவிலிருந்து வந்த காசில் மூன்று மாடி எழுப்பிவிட்டு, அதே ஒழுங்கையில் கடனால் செத்துக்கொண்டிருக்கிற வீட்டைத் திரும்பிப் பாராத வாழ்க்கையும் சோதோமின் கணக்கில்தான் வரும்.

சரி, தேவனுடைய நியாயத்தீர்ப்பு எப்படி வேலை செய்கிறது? வானத்திலிருந்து அக்கினி விழுவதை மட்டும் நியாயத்தீர்ப்பு என்று எண்ணுவது தவறு. ரோமர் முதலாம் அதிகாரத்தில் பவுல் மூன்று தடவை ஒரே காரியத்தைச் சொல்கிறார்: தேவன் அவர்களை ஒப்புக்கொடுத்தார். மனுஷர் தெரிந்துகொண்ட வழியிலேயே அவர்களைப் போகவிட்டார், அதன் பலனை அவர்கள் தங்களுக்குள்ளேயே அடைந்தார்கள். தேசத்துக்கும் இது பொருந்தும். கருத்து மாறுபட்டவனை ஆயுதத்தால் தீர்த்துக்கட்டுவது சரி என்று ஒரு தலைமுறை சொன்னால், அல்லது சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றால், அடுத்த தலைமுறைக்குக் கொள்கை போய்ச் சேராது, ஆயுதம் மட்டும் போய்ச் சேரும். வாள்வெட்டுக் குழுக்களை விளக்க சினிமாவும் வேலையின்மையும் உதவும். ஆனால் மோட்டார் சைக்கிளில் வந்து வெட்டிவிட்டுப் போகலாம், கண்டவர்கள் காணவில்லை என்பார்கள் என்ற நம்பிக்கை அந்தப் பொடியளுக்கு எங்கிருந்து வந்தது? அதை அவர்கள் எங்களிடம்தான் படித்தார்கள்.

உபாகமம் 21இல் ஒரு சட்டம் இருக்கிறது. பிரசங்கங்களில் நான் அதை அதிகம் கேட்டதில்லை. வெளியிலே ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான், கொன்றவன் யார் என்று தெரியவில்லை. அப்போது மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டு வந்து, பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியிருக்கிற ஊர்களுக்குள்ள தூரத்தை அளக்கவேண்டும். மிகக் கிட்ட இருக்கும் ஊரின் மூப்பர்கள், இன்னும் நுகத்தில் பூட்டப்படாத ஒரு கிடாரியைக் கொண்டுபோய், உழாத பள்ளத்தாக்கில் அதன் கழுத்தை முறிக்கவேண்டும். ஆசாரியர்கள் கூட நிற்கவேண்டும். பிறகு மூப்பர்கள் அதன்மேல் கைகளைக் கழுவி, "எங்கள் கைகள் அந்த இரத்தத்தைச் சிந்தினதும் இல்லை, எங்கள் கண்கள் அதைக் கண்டதும் இல்லை" என்று கர்த்தருக்கு முன்பாகச் சொல்லவேண்டும். குற்றமில்லாத இரத்தப்பழியை உமது ஜனத்தின்மேல் சுமத்தாதேயும் என்று மன்றாடவேண்டும்.

இதிலே மூன்று காரியங்கள் இருக்கின்றன. கொன்றவன் அகப்படாவிட்டாலும் இரத்தப்பழி காற்றோடு போய்விடாது, அது நிலத்தில் தங்கும். இனந்தெரியாதவர் செய்தது என்று எழுதிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போகமுடியாது, கிட்ட இருக்கிற ஊர் வந்து நிற்கத்தான் வேண்டும். எல்லாவற்றிலும் கனமானது, அந்த ஊரின் பெரியவர்கள் தேவனுக்கு முன்னால் வாய்திறந்து "எங்கள் கண்கள் காணவில்லை" என்று சத்தியம் பண்ணவேண்டும். கண்டிருந்தால் அவர்களால் அதைச் சொல்லமுடியாது. அந்தச் சட்டத்தின் கூர்மை அங்கேதான். மறைக்கிறவனை அது பொய்ச்சத்தியத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்படி அளக்கப்போனால் எத்தனை இடங்களில் நூல் பிடிக்கவேண்டும்! 1996இல் கிருஷாந்தி குமாரசாமி என்ற மாணவி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டாள், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் அவளோடு கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினன் 1998இல், செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னான். 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன, அத்தோடு தோண்டுவது நின்றது. 2025இல் அதே செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் நிலம் திறக்கப்பட்டபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறு பிள்ளைகளுடையவையும் அவற்றில் இருந்தன. ஆபேலின் இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்று ஆதியாகமம் சொல்வதை இதற்குமேல் யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தது, 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த சனத்தின்மேல் குண்டு போட்டது, 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் காணாமற்போனது என்று அரசு பதில் சொல்லவேண்டிய கணக்கு நீளமானது. அதைக் கேட்பதை நிறுத்தவும் கூடாது. நீதி கேட்காமல் மனந்திரும்புதலைப் பற்றி மட்டும் பேசுவது வேதத்தின் பேச்சல்ல.

ஆனால் ஆமோஸ் தமஸ்குவோடு நிறுத்தவில்லை. 1986இல் ரெலோ என்ற தமிழ் ஆயுத இயக்கத்தின் இளைஞர்கள் விடுதலைப் புலிகளால் எங்கள் தெருக்களிலே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களும் எங்கள் பிள்ளைகள், செத்தவர்களும் எங்கள் பிள்ளைகள். 1989 செப்டெம்பர் 21 அன்று மருத்துவபீட விரிவுரையாளர் ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். எல்லாத் தரப்பின் கொலைகளையும் எழுதிவைத்ததே அவர் செய்தது. அப்புறம் 1990 ஒக்டோபர் 30. தலைமுறை தலைமுறையாக எங்களோடு வாழ்ந்த யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 70,000 பேர் துரத்தப்பட்டார்கள். பல வீடுகளில் அன்று அழுதார்கள் என்பது உண்மை. துவக்குக்கு முன்னால் யார் என்ன செய்திருக்கமுடியும் என்ற கேள்வியும் நியாயமானது. ஆனால் துவக்கு போய்ப் பல வருடங்களுக்குப் பிறகும் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அந்தப் பதில் போதாது. எங்கள் மூப்பர்கள் இவற்றின்மேல் கைகழுவப் போனால், "எங்கள் கண்கள் அதைக் கண்டதும் இல்லை" என்ற இடத்தில் நின்றுபோவார்கள்.

அந்த வெளியேற்றத்துக்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30 அன்று, 1995இல், யாழ்ப்பாண நகரம் அடங்கிய வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்குள் நகர்ந்தது. இரண்டு நாளும் ஒன்றாக இருப்பதைச் சொல்லி, அது கடவுள் தந்த தண்டனை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவன் இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும்?

லூக்கா 13இல் இயேசுவிடம் இதே வகைக் கேள்வி வந்தது. பிலாத்து சில கலிலேயரைப் பலிசெலுத்தும்போதே கொன்றான் என்று வந்து சொன்னார்கள். அது அரசின் கொலை. இயேசு தாமாகவே இன்னொன்றையும் சேர்த்தார்: சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த 18 பேர். அது விபத்து. இரண்டுக்கும் அவர் ஒரே பதில் சொன்னார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை. ஆனால் நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள். முதல் பாதி, கணக்குப் பார்ப்பவரின் வாயை அடைக்கிறது. 1995இன் வழியில் செத்த குழந்தை 1990இன் கடனைக் கட்டவில்லை, 2004இல் கடல் கொண்டுபோனவர்களும் யாருடைய பாவத்தையும் தீர்க்கவில்லை. அப்படிப் பிரசங்கிப்பது தேவனைப்பற்றிப் பொய் சொல்வது. இரண்டாம் பாதி, தப்பியவர்களான எங்களைப் பிடிக்கிறது. எங்களுடைய வீட்டை விட்டு ஒரு பையோடு நடந்தபோது, 1990இல் முஸ்லிம்கள் நடந்தது எங்களுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். பலருக்கு வந்தது. வந்ததை ஆலயத்தில் எழுந்து சொல்ல ஒரு வழி மட்டும் உண்டாக்கப்படவில்லை.

அரசனின் தயவால் நிமிர்த்தப்படும் பக்தி இதற்கு உதவாது என்பதை இந்த மண் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் உத்தியோகமும் பல உரிமைகளும் அவர்களுடைய சபையின் ஞானஸ்நானத்தோடு கட்டப்பட்டன. தோம்புகள் என்ற அவர்களுடைய பதிவேடுகளில் கிறிஸ்தவர்கள் பெருகினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் கழன்றதும் அந்தத் தொகை கரைந்துபோயிற்று. அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கத்தோலிக்கக் குருவுக்கு இடமில்லாத யாழ்ப்பாணத்துக்குள் பரதேசிக் கோலத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள் வளர்த்த விசுவாசம் நிலைத்தது.

பிறகு 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். வட்டுக்கோட்டைச் செமினரி, உடுவில் மகளிர் பாடசாலை, மானிப்பாயில் வைத்தியர் கிறீன் தமிழிலே நடத்திய மருத்துவக் கல்வி எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படிப்பு சாதியின் மேலே கட்டப்பட்டது, சாதியை இடித்துவிட்டுக் கட்டப்படவில்லை. 1920களின் கடைசியில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக உட்காரவைக்க அரசு உத்தரவு வந்தபோது இந்த ஊரிலே பள்ளிக்கூடங்கள் எரிந்தன. ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் 1924இல் தொடங்கிய வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகப் பேசியது, பந்தியில் ஒன்றாக உட்கார்ந்தது. அவர்கள் கேட்டது சபைகள் கேட்டதைவிட அதிகம். இன்றும் ஒரே அப்பத்தில் பங்குகொண்டவர்கள் கலியாணப் பேச்சில் சாதி விசாரிக்கிறார்கள். சீதனத் தொகை பேசி முடிந்தபின்தான் ஆலயத்தில் கலியாண அறிவிப்பான ஓலையை வாசிக்கப் போதகரிடமோ சுவாமியிடமோ பெயர் கொடுக்கப்படுகிறது. "முந்தி இப்படி இல்லை" என்று சொல்கிறவர்கள் இதையும் முந்தியதோடு சேர்த்து எண்ணவேண்டும்.

கொழும்பின் பாவத்தை நான் சிறிதாக்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று நாடு அறிவித்தது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம், அந்தப் பொருளாதாரச் சரிவுக்குப் பொறுப்பானவர்கள் என்று ராஜபக்ச சகோதரர்களையும் உயர் அதிகாரிகளையும் பெயர் சொல்லித் தீர்ப்பளித்தது. மேலே எடுத்த முடிவின் விலையைக் கீழே மண்ணெண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போகாதிருந்த குருநகர், பாசையூர் மீனவன் கொடுத்தான். இது ஆமோஸ் அப்படியே எழுதியிருக்கக்கூடிய காரியம். மக்கள் பொறுப்பை வீதியில் நின்று கேட்டதும், நீதிமன்றம் பெயர் சொன்னதும் தேசத்துக்கு நல்ல அடையாளங்கள்.

எங்களுக்குள்ளே பெயர் சொல்லும் அந்த வேலையைச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011இல் போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் போய், அரசின் சொந்தப் பதிவுகளை வைத்தே, வன்னியில் 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை என்று சொன்னார். அந்த நாட்களில் அதைச் சொல்வது இலகுவல்ல. அது ஒரு மேய்ப்பனின் வேலை. அதே துணிவு உள்ளே திரும்பிப் பேசுவதற்கும் தேவை. எரேமியாவின் காலத்து ஆசாரியர்கள் "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி" காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கினார்கள். ஒளிவிழாவுக்கு எல்லா மதத் தலைவர்களையும் மேடையேற்றிப் படம் எடுப்பதோடு முடிகிற நல்லிணக்கமும் அந்த வகைதான்.

தானியேல் 9ஆம் அதிகாரத்தில் பாபிலோனில் இருந்துகொண்டு தானியேல் ஜெபிக்கிறான். எருசலேமிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டபோது அவன் வாலிபன். அதற்குக் காரணமான பாவங்களில் அவனுக்குப் பங்கு இருந்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் ராஜாக்களையும் பிதாக்களையும் தன்னையும் ஒன்றாகச் சேர்த்து, பாவஞ்செய்தோம் என்கிறான். அன்று பிறந்திராத இளையவர்கள் 1990க்காக ஏன் வருந்தவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது பதில். குற்றம் அவர்களுடையதல்ல. சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனை, சொல், செயல் என்பவற்றோடு "கடமையில் தவறியதாலும்" என்று நாங்கள் சொல்கிறோம். மற்றச் சபைகளின் பாவ அறிக்கையிலும், செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டோம் என்பது வருகிறது. அந்த இடத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு ஞாயிறாவது, ஒக்டோபர் கடைசியில், நடந்ததைப் பெயர் சொல்லி அறிக்கைசெய்ய எந்த ஆயரும் எந்தப் போதகரும் யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. திரும்பி வந்து சோனகத் தெருவில் குடியிருக்கும் முஸ்லிம் பெரியவர்களிடம் நேரே போய் அதைச் சொல்லவும் அரசின் ஆணைக்குழு தேவையில்லை. நினைவுத் திருப்பலியில் எல்லாத் தரப்பாலும் கொல்லப்பட்டவர்களின் பெயரையும் வாசிக்கலாம். இதுவரை தங்கள் மகனின் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கேட்காத ரெலோ, ஈபிஆர்எல்எப் இயக்கங்களைச் சேர்ந்த இளைஞரின் பெற்றோர் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

வாயால் சொல்வதோடு அது முடியாது என்பதற்கு நெகேமியா 5ஆம் அதிகாரம் இருக்கிறது. பகைவருக்கு நடுவே எருசலேமின் மதில் கட்டிக்கொண்டிருக்கிற நேரம். ஏழைகள் கூக்குரலிடுகிறார்கள்: கடனுக்கு வயலும் வீடும் போயிற்று, பிள்ளைகளை அடிமையாக்கவேண்டி வந்தது, வட்டி வாங்குகிறவர்கள் எங்கள் சகோதரர். வெளியே ஆபத்து இருக்கிறது, உள்வீட்டுப் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம் என்று நெகேமியா சொல்லவில்லை. பெரியவர்களைச் சபை கூட்டிக் கடிந்துகொண்டான். தானும் தன் சகோதரரும் வேலைக்காரரும் கடன் கொடுத்ததை அதே கூட்டத்தில் சொன்னான். வயல், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, வாங்கிய வட்டி எல்லாவற்றையும் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றான். கொடுத்தார்கள். குடாநாட்டில் நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டியும் நுண்கடனும் எத்தனை பெண்களின் தாலிக்கொடியைக் கொண்டுபோயின, எத்தனை பேரைக் கிணற்றடிக்குத் தள்ளின என்பது ஒவ்வொரு கிராம சேவையாளருக்கும் தெரியும். அந்த வட்டிக்குக் கொடுப்பவர்களில் சிலர் எங்கள் ஆலயச் சபைகளில் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய நன்கொடையை ஏற்கும் முன் அடமானக் காணி உறுதியைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்கும் உரிமை பங்குச் சபைக்கும் போதகருக்கும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்குகிற சபை, வருமானத்தில் ஒரு பகுதியை இழக்கும். அந்த இழப்புக்கும் சேர்த்து வரவுசெலவுத் திட்டம் போடவேண்டும்.